ஒரே அட்டையில் ஆறு உடம்பு

விடியற்காலை ஐந்து மணிக்குச் சலவைக்கூடத்தின் கதவைத் திறக்கும்போதே நீராவி முகத்தில் அறையும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக இறங்கிக் கிடக்கும். ரத்தம், சீழ், மருந்து வாடை. கையுறை கேட்டால், போட்டால் வேகம் வராது என்பார் முதலாளி. மூட்டையை உதறிப் பிரிக்கையில் சில நாள் விரிப்பில் விட்டுப்போன ஊசி விரலில் ஏறும். விரலைச் சப்பிவிட்டு அடுத்த விரிப்பை எடுப்போம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் அறையில் இருக்கும் நெட்டைக்கும் அப்படித்தான் ஏறியது. யார் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டோம்?

நாங்கள் ஆறு பெண்கள், ஒரே அறை, மூன்று பாய். பிழைக்க வந்தவர்கள், மூத்தவளுக்கே இருபத்திரண்டு வயது. எங்களில் காகிதம் சரியாக இருந்தது நெட்டைக்கு மட்டும்தான், அதனால் மருத்துவமனை அட்டையும் அவளிடம் மட்டும்தான் இருந்தது. அவளுக்குத் தாராள மனசு. அட்டையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டாள். யாருக்கு முடியவில்லையோ அவள் எடுத்துப்போய் நெட்டையின் பெயரைச் சொல்வாள். அட்டையில் படம் கிடையாது. அந்தக் கூட்டத்தில் முகத்தை யார் பார்த்தார்கள்? அந்தப் பெயரில்தான் நான் காசநோய் மாத்திரை வாங்கினேன். குள்ளச்சி வலிப்புக்கு வாங்கினாள். இன்னொருத்திக்குக் கரு கலைந்தபோதும் அந்தப் பெயர்தான். "என் பேர்ல இன்னும் என்னென்ன வியாதிடி பாக்கி இருக்கு?" என்று நெட்டை சிரிப்பாள்.

போன வாரம் அவள் கண் மஞ்சளாகிவிட்டது. வயிற்றில் எதுவும் தங்கவில்லை. நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் கோப்பைப் புரட்டினார். காசநோய் மாத்திரை சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும், நிறுத்தினால் சரியாகிவிடும் என்று எழுதி அனுப்பிவிட்டார். அந்த மாத்திரையில் ஒன்றைக்கூட அவள் விழுங்கியதில்லை. விழுங்கியது நான். பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை. பாவி, எனக்கு என் வேலை பெரிதாகப் போயிற்று. எனக்கும் அன்றோடு மாத்திரை நின்றது.

நேற்று நெட்டை எங்களை அடையாளம் தெரியாமல் பிதற்ற ஆரம்பித்தாள். மாத்திரை இல்லையென்றால் அந்த ஊசி கொடுத்த நோயாகத்தான் இருக்கும், இனி மறைத்தால் ஆளே போய்விடுவாள். இன்று காலை வேலைக்கு நடுவில் முதலாளியிடம் போய், ஊசி குத்தியதை டாக்டரிடம் சொல்லப்போகிறோம் என்றேன்.

"ஊசின்னு வாயத் திறந்தா ஆஸ்பத்திரிக்காரன் இந்த வேலையையே வேற எடத்துக்குக் கொடுத்துடுவான். அறுபது பேர் வயித்துல அடிக்கப் போறியா?"

"அவ செத்துடுவாய்யா."

"அவ பேர்ல ஊர்ல இருக்குற வியாதியெல்லாம் எழுதி வச்சது யாரு? நானா? பிடிச்சா உங்களைத்தான் ஊருக்கு அனுப்புவாங்க. போய் விரிப்பை மடி."

அதில் பாதி உண்மை. அதுதான் நெஞ்சைச் சுட்டது.

குள்ளச்சி எட்டி இஸ்திரி இயந்திரத்தை நிறுத்தினாள். "அனுப்பட்டும். அவ பொணமாப் போறதுக்கு நாம உயிரோட போறது மேல்."

அறைக்குப் போய் நெட்டையை ஐந்து பேருமாகத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தோம். நர்ஸின் மேசையில் அட்டையை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எது யாருடைய நோய் என்று ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தானே சொன்னாள். நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. மேலிடத்துக்கு எழுதியாக வேண்டும், பிறகு என்ன நடக்கும் தெரியுமா என்று கேட்டார்.

"எழுதுங்கம்மா. முதல்ல அவளுக்கு ரத்தம் பாருங்க."

டாக்டர் ஓடிவந்தார். நெட்டையை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பிழைப்பாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து நான் அழுதேன். அழுகையோடு இருமலும் வந்தது.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தார். ஊசி வேறு யாருக்கெல்லாம் குத்தியிருக்கிறது என்று கேட்டார். ஐந்து பேரும் கையைத் தூக்கினோம்.

அவர் பார்வை எங்களைத் தாண்டி வாசலுக்குப் போனது. திரும்பிப் பார்த்தேன். முதலாளி சொன்ன அந்த அறுபது பேரில் துவைக்கும் பகுதி ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். நர்ஸ் கேட்டது அவர்கள் காதிலும் விழுந்திருந்தது. நின்ற இடத்திலேயே ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள்.