வடை சுற்றிய கரம்பொன்

நயினாதீவு இறங்குதுறையில், ஊர் திரும்பும் லோஞ்சுப் படகில் ஏறுவதற்கு முன் சோதனைக்கு வரிசையில் நின்றபோதுதான், கையிலிருக்கும் வடை எதில் சுற்றப்பட்டிருக்கிறது என்பது அம்புறோசுக்கு உறைத்தது. வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தான். சோறு உள்ளே இறங்கினால் மூளை படுத்துவிடும் ஆள் அவன்.

வரிசையின் தலைப்பில் ஒரு மனுசியின் சோற்றுப் பார்சலைப் பிரித்து, சிப்பாய் உள்ளே கிளறிக்கொண்டிருந்தான். மற்ற நாட்களில் சாப்பாட்டைத் தொடமாட்டார்கள். அடையாள அட்டை, பை, இடுப்பு, அவ்வளவுதான். அன்று காலை மேற்கே கடலில் இரண்டு தரம் பெரிய சத்தம் கேட்டிருந்தது. யார் யாருக்கு அடித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சோறும் சோதனைக்கு வந்துவிட்டது.

வடையைச் சுற்றியிருந்தது ஒரு வரைபடம். தீவுகளின் வரைபடம். அதில் அவன் தன் கையாலேயே நீலப் பேனையால் கோடு கீறியிருந்தான்.

முந்தின வருசம் அவனுடைய ஊரான கரம்பொனில் சவிரிமுத்து என்ற கிழவரின் சட்டைப் பையில் ஒரு சிகரெட் மட்டை இருந்தது. மீன் படுகிற இடங்களை அதில் கீறி வைத்திருந்தார். அவரை யார் கொண்டுபோனார்கள் என்று ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. திரும்பி வந்தார். வந்தபின் கடலுக்குப் போகவில்லை, கதைக்கவும் இல்லை. வாசல் படலையடியில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். இரண்டாயிரத்து ஆறில் சிகரெட் மட்டைக்கே அந்தப் பாடு என்றால், இரண்டாயிரத்து ஏழில் அச்சடித்த வரைபடத்துக்கு என்ன பாடு என்று யோசிக்க அம்புறோசுக்குப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை.

எல்லாம் சோற்றால் வந்த வினை.

சண்டை தொடங்கி, கொழும்புக்கான தரைப்பாதை பூட்டிய பிறகு கடலும் பூட்டியது மாதிரித்தான். நேவியின் பாஸ் இருந்தாலும் கரையை விட்டுத் தூரம் போக ஏலாது. எஞ்சினுக்கு எண்ணெயும் இல்லை. அம்புறோஸ் தன் மீன்பிடி வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, நயினாதீவில் பயணிகள் லோஞ்சுகளின் பலகை இடுக்குகளில் பஞ்சு அடைக்கிற வேலைக்கு வந்துகொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மழைக்கு ஒதுங்கப் போய், கோயிலடியில் விநாயகமூர்த்தியின் சைவக் கடைக்குள் ஏறினான். ஏறினவன் இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அங்கேதான்.

கத்தோலிக்கனான அவன் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் இறைச்சிதான் விலக்கு, மீன் இல்லை. மீன் இல்லாத சோறு காய்ச்சல்காரன் சோறு. ஆனால் விநாயகமூர்த்தி கடையில், தேங்காய்க்கும் மிளகாய்க்கும் தட்டுப்பாடான அந்த நாளிலும், இலையில் விழுந்ததெல்லாம் ருசித்தது. கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், கடைசியில் உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கிற ரசம். மீன் அவனுக்கு வேலை. பிடிக்கவேணும், கழுவவேணும், விலை பேசவேணும். கத்தரிக்காய்க்கு அவன் ஒன்றும் செய்ததில்லை. அது தானாக வந்து இலையில் விழுந்தது. அந்த நிம்மதிக்காகவே அவன் மெதுவாகச் சாப்பிட்டான்.

மனைவி மேரிறோசுக்கு இது தெரியாது. அவள் மீன் பொரியலோடு கட்டித் தருகிற சோற்றை வெள்ளிக்கிழமைகளில் லோஞ்சடியில் கூட வேலை செய்கிறவனுக்குக் கொடுத்துவிடுவான்.

கடையில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்த பழைய மாதப் புத்தகங்கள் கிடக்கும். இடது கையால் அவற்றைப் புரட்டுவது சோற்றோடு சேர்ந்த பழக்கமாகிவிட்டது. சில மாதங்களாக ஒரே கதைதான். பூமி சூடாகிறது, வடக்கே பனி உருகுகிறது, கடல் ஏறுகிறது. சினிமாப் பக்கத்தை விட்டுவிட்டு அவன் அதையே வாசித்தான். கடலைப் பற்றிக் கடலைக் காணாதவர்கள் எழுதுவது பேய்க்கதை கேட்கிற மாதிரி இருந்தது. நம்பவும் ஏலாது, விடவும் ஏலாது. அன்று மத்தியானம் புரட்டின புத்தகத்தில் தீவுகளின் வரைபடம் முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தது.

"சோறு ஆறுது அம்புறோஸ். உருகிற பனியை உம்மாலை பிடிக்க ஏலுமோ?" என்றபடி விநாயகமூர்த்தி ரச வாளியோடு வந்தார்.

"அண்ணை, இதிலை எங்கடை கரையைப் போட்டிருக்கு. கறுப்படிச்சதெல்லாம் கடல் ஏறினால் போயிடுமாம்."

"என்ரை கடை கறுப்புக்குள்ளையோ?"

"விளிம்பிலை."

"அப்ப உமக்கு இன்னும் கொஞ்ச வெள்ளிக்கிழமை சோறு போடலாம். கையை நீட்டும்."

ரசத்தைக் குடித்துவிட்டு அம்புறோஸ் வரைபடத்தில் தன் வீட்டைத் தேடினான். கரம்பொன் என்று எழுதியிருந்தது. வீடு கறுப்புக்குள்ளேயா வெளியேயா என்று தெரியவில்லை. அது தெரியவேண்டியிருந்தது. கடந்த மாரி மழையில் அவர்களுடைய குசினி அடுப்போடு சேர்ந்து இடிந்து விழுந்திருந்தது. காற்றுக்காகப் புதிதைக் கடல் பக்கம் போடவேணும் என்று மேரிறோஸ் ஒற்றைக் காலில் நின்றாள். கிணறு உவர்க்கத் தொடங்கிவிட்டது, கடல் கிட்ட வருகிறது, றோட்டுப் பக்கம் போடுவோம் என்று அவன் சொன்னால், "கல்லுத் தூக்கப் பஞ்சி எண்டு சொல்லுங்கோவன்" என்று அவன் சோம்பலைக் குத்துவாள்.

விநாயகமூர்த்தியின் பேனையை வாங்கினான். கடற்காரர் ஒரு இடத்தைப் பிடிப்பதற்கு இரண்டு அடையாளங்களிலிருந்து மனத்துக்குள் கோடு இழுப்பார்கள். கோடுகள் வெட்டுகிற இடம்தான் இடம். ஒன்று மாதா கோயில் மணிக்கூண்டு. மற்றது கரையில் ஆக உயரமாய் நிற்பது. முன்பு அது ஒரு ஒற்றைப் பனை. பனை போய் அந்த இடத்தில் நேவியின் காவல் கோபுரம் வந்தபோது, கடற்காரர் பனையை மறந்து கோபுரத்தைப் பிடிக்கப் பழகிக்கொண்டார்கள். அம்புறோசும் பழக்கதோசத்தில் கோபுரம் நிற்கிற இடத்தில் ஒரு புள்ளி குத்தி, அது அழியாமலிருக்க வட்டமும் போட்டு, கோட்டை இழுத்தான். வெட்டின இடம் நல்ல கறுப்புக்குள் விழுந்தது.

"இந்தத் தாளைக் கிழிக்கட்டோ அண்ணை? மனுசிக்குக் காட்டவேணும்."

"கிழியும். வாசிச்சு முடிஞ்சால் வடை சுத்தத்தானே."

வடையோடு கதையைத் தொடங்கினால் மேரிறோஸ் கேட்பாள், சைவக் கடைக் கதையையும் அப்படியே சொல்லி முடித்துவிடலாம் என்று அம்புறோஸ் நாலு வடை வாங்கினான். விநாயகமூர்த்தி அந்தத் தாளிலேயே வடையைச் சுற்றி, சுடச்சுடச் சாம்பாரை ஒரு பிளாஸ்டிக் சொப்பிங் பையில் கட்டிக் கொடுத்தார்.

இப்போது வரிசை இரண்டு அடி நகர்ந்தது.

"என்ன அம்புறோஸ், வேதக்காரன்ரை கையிலை சைவக் கடைப் பார்சல்? மாதா கோவிக்கமாட்டாவோ?" பின்னால் நின்றது சரவணை ஊர்ச் சிவபாதம். கோயிலுக்கு வந்து திரும்புகிறார். நெற்றி நிறைய விபூதி.

"மாதாவுக்கு ஒரு குறையும் இல்லை. மீனுக்குத்தான் கொண்டாட்டம்" என்றான். தன் குரல் தனக்கே வேறு ஆளின் குரலாகக் கேட்டது.

"மணக்குது. ஒண்டைப் பிரியுமன். நிண்டு கால் உளையுது."

"வீட்டுக்குக் கொண்டுபோறது."

"சாமானியமான கஞ்சன் இல்லை நீர்."

வரிசையை விட்டு விலகிப் போகலாம். சற்று முன் விலகின ஒருவனை விசில் ஊதிப் பிடித்து, வெயிலில் தனியாக நிறுத்தியிருந்தார்கள். கடலுக்குள் எறியலாம். இருபக்கமும் கடல்தான். எண்ணெய் பட்ட தாள் தாழாது, வரைபடம் மேலே தெரிய மிதக்கும். பார்சலைச் சிவபாதத்திடம் கொடுக்கலாம். ஆசையாகக் கேட்கிற மனிதர், சந்தோசமாக வாங்குவார்.

அதை அவன் உண்மையாகவே யோசித்தான். கை பாதி எழும்பியும் விட்டது. நிறுத்தினது பாவம் பார்த்து அல்ல. முதல் அதட்டலிலேயே சிவபாதம் யார் தந்தது என்று கையைக் காட்டுவார், அவ்வளவுதான்.

முன்னால் மூன்று பேர். மேசைக்குப் பின்னால் இருந்த சிப்பாய் இளம் பொடியன். தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துத் துடைத்துப் பார்சல்களைப் பிரித்தான். யாரோ ஒருவரின் தோசையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். தோசை சுற்றிய பேப்பரையும் திருப்பிப் பார்த்தான்.

அம்புறோஸ் சாம்பார்ப் பையை வடைப் பார்சலோடு சேர்த்து வயிற்றில் அணைத்தான். பெருவிரல் நகத்தைப் பைக்குள் இறக்கினான். முதல் தரம் போகவில்லை. இரண்டாம் தரம் பை பிளந்தது. சாம்பார் தாளுக்குள்ளும் சட்டைக்குள்ளும் இறங்கி வயிற்றுத் தோலைச் சுட்டது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தான்.

"உமக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?" என்றார் சிவபாதம்.

"வெயில்."

"சாம்பார் மணமும் தூக்குது."

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா நில்லும் அண்ணை."

அவனுடைய முறை வந்தது. அட்டையைக் கொடுத்தான். சிப்பாய் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், பார்சலைக் காட்டி, "திற" என்றான். அம்புறோஸ் பார்சலை மேசையில் வைத்துக் கையை எடுத்தான். தாள் வாய் திறந்தது. சாம்பார் மேசை முழுக்க ஓடிச் சிப்பாயின் பேனையை நனைத்து, விளிம்பால் வழிந்து, அவன் சப்பாத்தில் விழுந்தது.

சிப்பாய் சிங்களத்தில் ஏசினான். என்ன சொன்னான் என்று வரிசையில் எல்லோருக்கும் விளங்கியது. பின்னால் நின்ற இன்னொருவன் துவக்குக் குழலை அவன் பக்கம் திருப்பினான்.

"மாத்தையா, பை வெடிச்சுப்போச்சு" என்றான் அம்புறோஸ். "சாப்பாடு. மனுசிக்கு."

"துடை."

துடைக்க அவனிடம் இருந்தது ஒரே ஒரு துணி, சட்டை. அவன் சட்டையைத் தொடவில்லை. வடையை ஒதுக்கிவிட்டு, தாளைக் கசக்கி, அதனாலேயே மேசையைத் துடைத்தான். அழுத்தித் துடைத்தான். நெடுந்தீவு பருப்போடு கரைந்தது. எழுவைதீவு விரலிடுக்கில் திரண்டது. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்து களியாகியது. அதை அள்ளிப் பக்கத்திலிருந்த குப்பை வாளிக்குள் போட்டான்.

அப்போதுதான் சிப்பாய் குனிந்து வடையைப் பார்த்தான். மேலிருந்த வடையில் ஒரு துண்டுத் தாள் ஒட்டிப்பிடித்திருந்தது. பெருவிரல் அகலம்தான். ஆனால் அதில் கோபுரத்துக்குப் போட்ட வட்டம், வட்டத்துக்குள் புள்ளி, புள்ளியிலிருந்து புறப்படுகிற கோடு. பேனை மை எண்ணெய்க்கும் புளிக்கும் மசியவில்லை. கீறின மாதிரியே நீலமாக நின்றது.

"இது என்ன?" சிப்பாய் விரலை நீட்டினான். தொடவில்லை. சாம்பார் மேல் அருவருப்பு.

"வடை."

"நீலம். இது."

அம்புறோஸ் வடையை எடுத்தான். திருப்பிப் பார்க்கிறவன் போல ஒரு கணம் பிடித்தான். பிறகு முழுசாக வாய்க்குள் திணித்தான். தாள் அண்ணத்தில் ஒட்டியது. மென்றான். உழுந்தும் மிளகும் மையும் ஒரே கவளமாக இறங்க மறுத்தன. வரிசை முழுக்க அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் விழுங்கினான். கண்ணால் தண்ணீர் வந்தது.

"நல்ல வடை மாத்தையா" என்றான். "கோயிலடிக் கடை. நீங்களும் ஒண்டு எடுங்கோ."

சிப்பாய் அவனையே பார்த்தான். தும்மல் வந்தது. தும்மி முடித்து மூக்கைத் துடைத்தபோது அவன் முகத்தில் கோபம் பாதி போய்விட்டிருந்தது. மூக்கடைத்த பொடியனுக்கு அந்த மணம்கூடத் தெரிந்திருக்காது. பின்னால் நின்றவனிடம் என்னவோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். அதில் 'சாம்பார்' என்ற சொல் மட்டும் அம்புறோசுக்கு விளங்கியது.

"போ" என்றான்.

லோஞ்சில் சிவபாதம் பக்கத்தில் வந்து குந்தினார். "உமக்கு அவ்வளவு பசியெண்டால் அப்பவே எனக்கும் ஒண்டு தந்து சாப்பிட்டிருக்கலாமே" என்றார். மிச்சமிருந்த மூன்று வடையில் ஒன்றை அம்புறோஸ் கொடுத்தான். சிவபாதம் தின்றார்.

வீட்டில் மேரிறோஸ் சட்டையைப் பார்த்தாள். பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். தோல் சிவந்து கொப்பளித்திருந்தது.

"ஆர் செய்தது?"

"நான்தான்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சைவக் கடை, மற்றவனுக்குப் போன மீன் பொரியல், உருகிற பனி, வரைபடம், கோபுரம், சாம்பார், வடை. அவள் கதிரையில் இருந்து கேட்டாள். சவிரிமுத்தின் வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தாள்.

"அப்ப அந்தத் தாள் எங்கை?"

"திண்டிட்டன்."

அவள் எழுந்து, கொப்பளத்துக்குத் தேங்காயெண்ணெய் எடுத்து வந்தாள். பூசும்போது கை வன்மமாகவே இருந்தது.

"குசினியை றோட்டுப் பக்கம் போடுவம்" என்றாள்.

"கடல் வருகுதெண்டு நம்புறியோ?"

"கடலைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் பொய் சொல்லுற மனுசன் தன்னை இவ்வளவு கேவலப்படுத்திச் சொல்லமாட்டான்." எண்ணெய்ப் போத்தலை மூடினாள். "மீன் பொரியலை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"கூட வேலை செய்யிற அனுசனுக்கு."

"இனி அவனை வீட்டிலை சமைச்சுக் கொண்டரச் சொல்லுங்கோ."

அடுத்த வெள்ளி இறங்குதுறையில் அதே சிப்பாய் நின்றான். தடிமன் மாறியிருந்தது. "ஆ, சாம்பார்" என்றான். அம்புறோசின் பையை மற்றவர்களுடையதைவிட நன்றாகக் கிளறினான். ஒன்றும் இல்லை.

கடையில் விநாயகமூர்த்தி இலையைப் போட்டுவிட்டு, கப்பலில் வந்த புதிய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தார். கடல் கதை அதிலும் இருந்தது. அம்புறோஸ் ஒரு வரி விடாமல் வாசித்தான். பேனையை எடுக்கவில்லை. எழும்பும்போது, மேரிறோசுக்கு இரண்டு வடை கேட்டான்.

விநாயகமூர்த்தி கைக்கு எட்டின தாளொன்றைக் கிழித்தார்.

"இலையிலை சுத்துங்கோ அண்ணை" என்றான் அம்புறோஸ். "சாம்பார் வேண்டாம்."