பேட்டரி குறைவு

"வைரஸும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லக்கா," என்றான் தம்பி. ஊருக்கெல்லாம் ஓடி ஓடிக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன், அக்கா வீட்டுக்கு மட்டும் கெஞ்சிக் கூப்பிட்டால்தான் வருவான்.

மவுஸ் செட்டிங்கைக் குடைந்தான். வெளியாள் யாராவது உள்ளே நுழைந்திருப்பானோ என்று நெட்டைத் துண்டித்துப் பார்த்தான். யாரும் தொடாமலே அம்புக்குறி நகர்ந்துகொண்டுதான் இருந்தது. திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. யோசனையில் இருக்கும்போது அவள் கணவர் அப்படித்தான் மவுஸை உருட்டுவார். அதை அவள் தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் அக்காவுக்கு மறை கழன்றுவிட்டது என்பான்.

கடைசியில் கம்ப்யூட்டரைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து நகம் அளவு கறுப்புத் துண்டு ஒன்றைப் பிடுங்கினான். அம்புக்குறி சட்டென்று நின்றது.

"இதான் கோளாறு. வயர் இல்லாத மவுஸோட ரிசீவர். அந்த மவுஸ் எங்கயோ கிடந்து அசையுது. இந்த ரூமைத் தாண்டி இது வேலை செய்யாது. எங்க வச்சிருக்க?"

"அது மாமா பையில இருந்துச்சுடா."

தம்பி பேயறைந்தவன்போல நின்றான். படகு கவிழ்ந்த அன்று மாமாவின் தோளில் தொங்கிய பை அது. ஏரி மாமாவையும் திருப்பித் தரவில்லை, பையையும் தரவில்லை.

"வேற மவுஸா இருக்கும்," என்று முணுமுணுத்து, துண்டை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினான். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை, வீராதி வீரன்.

அவளுக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிட ஏக்கம் பெரிதாக இருந்தது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும் என்று அவரைத் திட்டிக்கொண்டே குடித்தனம் நடத்தியவள் அவள். துண்டைப் பழையபடி செருகினாள். அம்புக்குறி கடிகாரம்வரை போகத் திணறியது. திரையில் ஒரு பெட்டி எழும்பியது: மவுஸ் பேட்டரி குறைவு. உடனே மாற்றவும்.

இன்னொரு தடவை அவரை இழக்க அவளால் முடியாது. சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடு அறையில் நின்றாள். இதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

"நான் பார்த்துக்கிட்டு நின்னா உங்களுக்கு ஒரு வேலையும் ஓடாதே," என்றாள். பேட்டரியை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

திரும்பி வந்தபோது திரையில் அந்தப் பெட்டி இல்லை. அம்புக்குறி சுறுசுறுப்பாகக் கடிகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. மேஜை ஓரத்தில் வைத்த பேட்டரியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் துருவேறிய பேட்டரி ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.