பேர் வெட்டாத பானை

பாத்திரக்கடைச் செல்லத்தாய்க்கு வந்த கோபத்தில், மாடி வீட்டைக் காலி பண்ணச் சொல்லியே விட்டாள். சொன்னது குடியிருக்கும் ரிவ்காவிடம் அல்ல, அவள் போன ஆட்டோவைத் துரத்தி ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்த மருமகள் இந்துமதியின் முதுகிடம்.

"நேத்துத்தான் என் கையால புதுப்பானை குடுத்தேன். அதக் கடல்ல முக்கப் போறேன்னு சைகை காட்டிட்டு ஆட்டோ ஏறுதா! எங்கம்மை காலத்துல நாம தொட்ட செம்ப மேல்சாதிக்காரவ தண்ணி தெளிச்சுத்தான் எடுப்பாவ. இவளும் அந்தக் கூட்டந்தானா?"

"அவங்க யூதங்க அத்தை. சாமி வழக்கமா இருக்கும்."

"என்ன வழக்கமோ! இன்னிக்கே கிளம்பட்டும்."

உக்ரைனின் ஒதெசாவில் குண்டு விழத் தொடங்கியதும், கணவன் வேலை பார்க்கும் கப்பல் நின்றிருந்த ஊர் என்று மகளோடு தூத்துக்குடிக்கு வந்தவள் ரிவ்கா. நான்கு மாதமாக, கொண்டுவந்த ஒரே சட்டியில் சமையல், காகிதத் தட்டில் சாப்பாடு. பொறுக்கமாட்டாமல்தான் செல்லத்தாய் அந்த எவர்சில்வர் பானையைக் கொடுத்தாள். பேர் வெட்டட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், எப்போது கிளம்புவோமோ" என்று இந்துமதி வழியாகப் பதில் வந்தது. அந்தக் கடையிலிருந்து பேர் வெட்டாமல் போன முதல் பானை அது.

கடற்கரையில் ரிவ்கா முழங்கால் தண்ணீரில் நின்று ஏதோ முணுமுணுத்தாள். பானையை முக்கினாள். எல்லாப் பக்கமும் தண்ணீர் படட்டும் என்று விரல்களைத் தளர்த்தினாள். வந்த அலை பானையை உருட்டிக்கொண்டு போனது.

"ஐயோ, எம்பானை!"

செல்லத்தாய் சேலையோடு பாய்ந்தாள். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து, பானையை மார்போடு கட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏளா இந்து, நான் தொட்டுட்டேன். மறுபடி முக்கணுமான்னு கேளு!"

இந்துமதி ஆங்கிலத்தில் கேட்டாள். ரிவ்கா சிரித்தபடி பதில் சொல்லி, பானையை இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாமாம் அத்தை. நீங்க இரவலாக் குடுத்திருந்தா முக்கவே வேண்டாமாம். சொந்தப் பானையாயிட்டதாலதான் முக்குனாங்களாம்."

"சொந்தமாவா? அப்ப இவ போகலையா?"

"மகளை இங்கனயே பள்ளிக்கூடத்துல சேக்கப் போறாங்களாம்."

செல்லத்தாய் சேலையைப் பிழிந்தாள்.

"காலி பண்ணச் சொன்னதச் சொல்லித் தொலைச்சிராத."

"எங்கிட்டதான சொன்னீங்க."

"பானையில என்ன வைக்கப் போறாளாம்?"

"பீட்ரூட் சூப்பு. உங்களுக்கும் சேத்துத்தானாம்."

ரிவ்கா பானையின் விளிம்பைத் தட்டிக் காட்டி, தெரிந்த தமிழில் சொன்னாள்:

"பேர்."

"கேட்டியாளா? கடைக்கு விடு வண்டிய!"

மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் ஏறினார்கள். போலீஸ் நின்றால் என்ன செய்வது என்றாள் இந்துமதி. செல்லத்தாய் பானையைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.