பேர்ள் அன்ரியின் ஓம்

வானொலியில் பேசிய மறுநாளிலிருந்து பேர்ளுக்கு மவுசு கூடிவிட்டது. முகத்திரையைத் தடை செய்ய வேண்டும் என்று கன்பராவில் யாரோ மறுபடியும் கிளப்பிவிட்டிருந்த வாரம் அது. தொலைக்காட்சியில், முகநூலில், ரயில் மேடையில், எங்கே போனாலும் அதே பேச்சு. முகத்திரை போடுகிறவர்களைத் தவிர மற்ற எல்லோரும் பேசினார்கள். உள்ளூர்த் தமிழ் வானொலி மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் நேயர்களைக் கூப்பிட்டது. பேர்ள் தொலைபேசியை எடுத்தாள்.

"மனிசர் மனிசரோட முகத்தைப் பாத்துத்தான் கதைக்கோணும். வாயை மூடிக்கொண்டு நிண்டா நாங்கள் என்னெண்டு கதைக்கிறது?"

அறிவிப்பாளர் ஏதோ கேட்டார். "ஓம் ஓம்" என்று ஆமாம் போட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் கைகொடுக்க ஆள். டார்னெய்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனால் அங்கேயும் ஆள். "நல்லாச் சொன்னியள். உதுகளை வந்த இடத்துக்கே அனுப்போணும்" என்றார் வரதராஜா அங்கிள், தான் எப்படி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர் என்பதை வசதியாக மறந்துவிட்டு. நான் அப்படியா சொன்னேன் என்று பேர்ளுக்குத் திக்கென்றது.

உண்மையில் பேர்ளுக்கு முகத்திரையைப் பற்றி ஒரு கொள்கையும் கிடையாது. அவளுக்குக் காது கேட்காது. அவ்வளவுதான் விஷயம்.

ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் மைக்ரோவேவின் கீச்சுச் சத்தம் போனது. பிறகு தொலைபேசி. பிறகு கூட்டத்தில் பேசுகிறவர்களின் பேச்சு. எதிரே நிற்பவரின் வாயைப் பார்த்தால் பாதியைப் பிடித்துவிடுவாள். மீதிக்கு ஒரு "ஓம்" போட்டுச் சமாளிப்பாள். இந்த உலகத்தில் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு "ஓம்" பொருந்திவிடுகிறது என்பது அவள் கண்டுபிடிப்பு. வைத்தியர் சொல்லி வாங்கிய காதுக்கருவி செபமாலைகளோடு மேசை லாச்சிக்குள் கிடந்தது.

அதைப் போடாததற்கு வெட்கம் பாதிக் காரணம், பயம் மீதி. புதன்கிழமைகளில் தமிழ்ச் சங்கம் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு போடும். சமூக நிலையத்தின் குசினிக்கு அன்றைக்குப் பேர்ள்தான் ராணி. பிள்ளைகள் கல்யாணம் கட்டிப் போய்விட்டார்கள். கணவர் பொனிபஸ் கிரிக்கெட் பார்க்கிறார். அவளுக்கென்று இருந்தது அந்தக் குசினி ஒன்றுதான். கை நடுங்குகிறது என்று அஞ்சலி அக்காவை அடுப்பிலிருந்து எடுத்து, பேப்பர் துவாய் மடிக்க உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அந்த அன்புக்குத்தான் பேர்ள் பயந்தாள்.

இந்த நிலையில்தான் குசினியில் உதவிக்கென்று ஸிஹானா வந்து சேர்ந்தாள். முப்பது வயதிருக்கும். கறுப்பு அபாயா, கண் மட்டும் தெரிகிற முகத்திரை. முதல்நாள் நேரத்தோடு வந்துவிட்டாள். சாப்பாட்டு மண்டபத்துக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு பரிமாறும் யன்னல் உண்டு. அதன் ஷட்டர் இன்னும் திறக்கப்படவில்லை. குசினியில் பெண்கள் மட்டும்தான் என்று பார்த்துக்கொண்டு, தேநீர் குடிக்க முகத்திரையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். துருதுருவென்ற முகம், ஓயாத வாய். அவள் சொன்னது ஒவ்வொன்றும் பேர்ளுக்குத் தெளிவாக விளங்கியது.

"எங்கட சொந்த இடம் எருக்கலம்பிட்டி அன்ரி. ஆனா நான் பிறந்தது புத்தளம்."

ஏன் புத்தளம் என்று, எருக்கலம்பிட்டி இருக்கும் அதே மன்னாரில் பிறந்த பேர்ள் கேட்கவில்லை. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை ஆயுதம் ஏந்திய இயக்கம் வெளியேற்றியபோது பேர்ள் கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை. மூட்டைகளோடும் பிள்ளைகளோடும் சனம் கரையில் புத்தளம் போகிற வள்ளத்துக்குக் காத்து நின்றதைத் தன் கண்ணால் கண்டவள். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்கக்கூடிய காலமும் அல்ல அது.

பிறகு ஷட்டரைத் தூக்கினார்கள். வரதராஜா அங்கிளின் தலை யன்னலில் தெரிந்தது. இன்றைக்கு என்ன கறி என்று எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குச் செமிக்காது. ஸிஹானா முகத்திரையை இறக்கினாள். அதோடு பேர்ளுக்கு அவளுடைய பேச்சும் போய்விட்டது. அன்றிலிருந்து ஸிஹானா என்ன கேட்டாலும் பேர்ளின் பதில் "ஓம் பிள்ளை" தான். வானொலிக்குத் தொலைபேசி எடுத்தது இந்த எரிச்சலில்தான்.

வானொலிப் பேச்சுக்கு அடுத்த புதனில் அது நடந்தது.

குசினியில் பேர்ள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. கொதிக்கிற பாத்திரத்தோடு யார் நடந்தாலும் "சூடு!" என்று கூப்பிட்டுக்கொண்டே நடக்க வேண்டும். அன்று மற்றவர்கள் மண்டபத்தில் கதிரை அடுக்கப் போயிருந்தார்கள். புகை இழுக்கும் விசிறி இரைந்துகொண்டிருந்தது. பேர்ள் வெங்காயத்தை வழித்துப் போட்டுவிட்டுச் சட்டென்று திரும்பினாள். பின்னால் பருப்புச் சட்டியோடு ஸிஹானா, யன்னல் திறந்திருந்ததால் முகத்திரையை இறக்கியபடி. முழங்கை இடித்துச் சட்டி சரிந்தது. கொதிக்கிற பருப்பு ஸிஹானாவின் இடக்கையில் கொட்டியது.

திரும்பிய அந்தக் கணத்தில் பேர்ள் ஒன்றைக் கண்டாள். வாய்க்கு நேரே கறுப்புத் துணி இரண்டு தரம் புடைத்து அடங்கியது. வாய் பார்த்தே பிழைக்கிறவளுக்கு அது போதாதா? பிள்ளை கூப்பிட்டிருக்கிறாள். ஒருமுறை அல்ல, இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள்.

தண்ணீருக்குக் கீழே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பேர்ள் அழுதாள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. ஓடி வந்தவர்கள் தாங்களாகவே முடிவுக்கு வந்துவிட்டார்கள். "அந்தத் துணியோட எப்படிக் கண்ணு தெரியும்?" என்றாள் சங்கத்தின் செயலாளர் கிரிஜா. சென்னைக்காரி, கணினி வேலை, எதையும் கூட்டம் போட்டு முடிவெடுக்கிறவள். "எனக்கு அந்தப் பொண்ணு மேல கோபமே இல்ல ஆன்ட்டி. ஆனா சேஃப்டின்னு ஒண்ணு இருக்குல்ல? சமையலறையில முகத்தை மூடக் கூடாதுன்னு ரூல் போட்டுடலாம். நீங்கதான் ரேடியோவுலயே சொன்னீங்களே."

எவ்வளவு சுலபம்! பேர்ள் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. பேசாமல் இருந்தால் போதும், குசினி அவளுக்கு, வாசல் ஸிஹானாவுக்கு.

ஞாயிறு பின்னேரம் கூட்டம். காரில் போகும்போது பொனிபஸ் றோட்டைப் பார்த்தபடி என்னவோ கேட்டார். "ஓம்" என்றாள் பேர்ள். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. இந்த மனுசனுக்கு என்ன வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. புதன்கிழமைச் சாப்பாட்டுக்குக்கூட இவ்வளவு பேர் வருவதில்லை. ஆளாளுக்கு எழுந்தார்கள். உடுப்பு அவரவர் விருப்பம் என்றார் ஒருவர். பிரான்சைப் பார் என்றார் இன்னொருவர். புருஷன்மார்தான் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று ஒரு பெண்மணி பரிதாபப்பட்டாள். ஸிஹானா ஓரத்துக் கதிரையில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பேர்ள் முன்வரிசையில் இருந்து வாய் வாயாகப் பார்த்துக் களைத்துப்போனாள்.

கடைசியில் ஸிஹானா எழுந்தாள். கொஞ்ச நேரம் பேசினாள். துணி அசைவது தெரிந்தது, அவ்வளவுதான். பேசி முடிந்ததும் மண்டபமே திரும்பிப் பேர்ளைப் பார்த்தது.

கிரிஜாவின் வாயைப் பேர்ளால் வாசிக்க முடிந்தது. "அவங்க சொன்னது சரிதானே ஆன்ட்டி? பக்கத்துல இருந்தது நீங்க ஒருத்தர்தானே?"

"ஓம்" நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எத்தனை வருடப் பழக்கம்! ஆனால் அந்த வெள்ளைக் கட்டு கண்ணில் பட்டது. கரையில் நின்ற சனத்தின் நினைவும் வந்தது. அன்றைக்கு வாய் திறந்திருந்தால் உயிர் போயிருக்கும். இன்றைக்கு என்ன போகும், ஒரு அடுப்பும் நாலு சட்டியும்தானே?

"அவ என்ன சொன்னவ எண்டு எனக்குக் கேக்கேல்லை" என்றாள்.

வரதராஜா அங்கிள் மறுபக்கத்து முன்வரிசையிலிருந்து துள்ளி எழுந்தார். "கேக்காதுதானே! அந்தத் துணிக்குள்ளால ஆருக்குக் கேக்கும்? அதைத்தானே நாங்களும் சொல்லுறம்!"

பேர்ள் அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணை, உங்களுக்குக் கேட்டதோ?"

"எனக்கு... எனக்குக் கேட்டது."

"கிரிஜா, உமக்கு?"

"கேட்டுச்சு ஆன்ட்டி."

"பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்கு?"

பின்வரிசையில் தலைகள் ஆடின.

"எல்லாருக்கும் கேட்டிருக்கு. அப்ப துணியில பிழையில்லை. என்ர காதிலதான் பிழை. எனக்குக் காது கேக்கிறேல்லை. கன காலமாக் கேக்கிறேல்லை. வாயைப் பாத்துத்தான் உங்களோட எல்லாம் கதைச்சுக்கொண்டு இருந்தனான்."

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. பேர்ளுக்கு வழக்கமான மௌனம்தான், ஆனால் இந்தத் தடவை எல்லோரும் அவளோடு சேர்ந்து அதற்குள் இருந்தார்கள். கிரிஜா எழுந்து வந்து, பேர்ளின் முகத்துக்கு நேரே குனிந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "தப்பு தன்னோடதுதான்னு சொன்னாங்க ஆன்ட்டி. பார்க்காம வந்து இடிச்சுட்டேன்னு சொன்னாங்க."

ஒரு "ஓம்" சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

"பொய்!" என்றாள். "அவ சூடு சூடு எண்டு கூப்பிட்டுக்கொண்டுதான் வந்தவ. நான்தான் கேக்காமல் திரும்பினனான். அந்தப் பிள்ளையைக் குசினியில விடுங்கோ. என்னைக் கதிரை அடுக்க விடுங்கோ."

ஸிஹானா நடந்து வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். இந்த முறை பேர்ளின் காதுக்கு அருகே குனிந்து, சத்தமாகவே சொன்னாள். "நான் கூப்பிட்டனான் எண்டு சொன்னா இஞ்ச ஆர் நம்பியிருப்பினம் அன்ரி? பிழை என்னது எண்டு ஒத்துக்கொண்டா, கவனமா இரு எண்டு சொல்லிப்போட்டு விட்டிடுவினம் எண்டு நினைச்சன்." பின்வரிசைக்கும் கேட்டிருக்க வேண்டும். பலர் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பரிதாபப்பட்ட பெண்மணியைப் பார்த்து ஸிஹானா தொடர்ந்தாள். "என்ர அவர் இதைக் கழட்டச் சொல்லித்தான் சண்டை பிடிக்கிறவர் அக்கா. றோட்டில ஆரும் ஏசிப்போடுவினம் எண்டு அவருக்குப் பயம். நான்தான் மாட்டன் எண்டு நிக்கிறன்."

யாரோ சிரித்தார்கள். அதோடு இறுக்கம் கொஞ்சம் விட்டது. ஷட்டர் யோசனையைச் சொன்னது பேர்ள்தான். சமைத்து முடியும்வரை யன்னல் மூடிக் கிடந்தால் ஸிஹானா முகத்தைத் திறந்து வைக்கலாம், தனக்கும் வாய் தெரியும் என்றாள். "அப்ப என்ன கறி எண்டு என்னெண்டு பாக்கிறது?" என்று வரதராஜா அங்கிள் கவலைப்பட்டார். சாப்பிடும்போது பார்க்கலாம் என்றாள் கிரிஜா. "ரூல் எதுவும் வேண்டாம். யாரும் எங்கேயும் போக வேண்டாம். ஆன்ட்டி, நீங்க மட்டும் காதுக்கு ஒரு மெஷினைப் போட்டுட்டு வாங்க." எல்லோர் மனமும் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு தேநீர் குடிக்காமலே போனார்கள்.

திரும்பும் வழியில் பொனிபஸ் காரை ஓரமாக நிறுத்தி, அவள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார். "வரேக்க கேட்டனான், உண்மையைச் சொல்லப்போறியோ எண்டு. நீ ஓம் எண்டனி. சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டாய்." அவருக்கு எல்லாம் முதலே தெரிந்திருக்கிறது! கொஞ்ச நாட்களாக இந்த மனுசன் எப்போதும் முன்னால் வந்து நின்று பேசுவது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

புதன்கிழமை பேர்ள் தலைமயிரை இழுத்துக் கட்டிக்கொண்டு, காதுக்கருவி வெளியே தெரிய வந்தாள். ஷட்டர் மூடிக் கிடந்தது. அஞ்சலி அக்கா உள்ளே கதிரையில் இருந்து பூண்டு உரித்தாள். அதற்குக் கை நடுங்கினால் பரவாயில்லை என்று பேர்ள் கூட்டி வந்திருந்தாள். ஸிஹானாவின் முகத்திரை தலைக்கு மேலே.

"ரேடியோவில நீங்கள் கதைச்சதை நானும் கேட்டனான்" என்றாள் ஸிஹானா, கீரையைக் கிள்ளியபடி. "சரியான கோவம். ஆனா கடைசியில அவர், இப்படி உடுத்திற ஆரோடயாவது பழகியிருக்கிறீங்களோ எண்டு கேக்க, நீங்கள் ஓம் ஓம் எண்டீங்கள். அது நான்தானே எண்டு சிரிப்பு வந்திட்டுது."

பேர்ள் தலையில் கை வைத்தாள். "திரும்ப ரேடியோவுக்கு எடுத்துச் சொல்லட்டோ பிள்ளை?"

"சொல்லுங்கோ. இந்த முறை அவர் கேக்கிறதைக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ."

சோறு வடிக்கும் நேரம். ஸிஹானா சட்டியைத் தூக்கிக்கொண்டு, குசினியே அதிர "சூடு!" என்றாள். பேர்ள் துள்ளிப்போனாள்.

"ஏன் பிள்ளை இப்படிக் கத்துறாய்? நான் என்ன செவிடோ?"

அஞ்சலி அக்கா முதலில் சிரித்தாள். பிறகு ஸிஹானா சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவளுடைய பல்வரிசையும் தெரிந்தது, சிரிப்பின் சத்தமும் கேட்டது. இரண்டும் சேர்ந்து வந்தது பேர்ளுக்குப் புதிதாக இருந்தது. கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் ஷட்டரில் மெல்ல ஒரு தட்டு. வரதராஜா அங்கிளாகத்தான் இருக்கும். முன்பென்றால் பேர்ளுக்குத் தெரிந்தே இருக்காது.

"பேர்ள், பசிக்குது. முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை," என்றாள் பேர்ள், "கேக்குது, கேக்குது. பொறுங்கோ, பிள்ளை முகத்தை மூடினவுடன திறக்கிறன்."