குணாளன் ரசித்த இடைவெளிகள்

பினாங்குத் தமிழ் வாசகர்களின் வரலாற்றை யாராவது எழுதினால், குணாளனுக்கு முன், குணாளனுக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துத்தான் எழுத முடியும். வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கருத்து பலமுறை பதிவாகியிருக்கிறது. பதிவிட்டவர் குணாளன்.

வீடு புக்கிட் மெர்தாஜாமில், சூப்பர்வைசர் வேலை பாயான் லெப்பாஸில். இடையில் கடலைத் தாண்டும் பாலத்தில் கார் நகராத நேரங்களில்தான் அவருடைய இலக்கியம் வளர்ந்தது. ஒலிநூல்களைப் பென்டிரைவில் ஏற்றிக் காரில் செருகியிருந்தார். கார் நின்றால் கதையும் நிற்கும். கிளப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாயங்காலம் அவர் வீடு வந்ததும், மனைவி சந்திரிகா அதே காரை எடுத்துக்கொண்டு பசாருக்கும் மகளின் டியூஷனுக்கும் போய்வருவாள். வீட்டுக்கு ஒரே கார்.

ஒரு நூல் முடிந்ததும் கருத்து வந்துவிடும். துப்பறியும் நாவலுக்கு: "கொலைகாரன் யாரென்று கடைசிவரை சொல்லாத துணிச்சல். உலகத்தரம்." வெற்றிக்குப் பத்துப் படிகள் சொன்ன நூலுக்கு: "ஆறு படிகளோடு நிறுத்தி, மீதியை நம் தேடலுக்கு விட்டிருக்கிறார்." சரித்திர நாவலுக்கு: "நேற்றுவரை இளவரசிக்குக் கல்யாணமே ஆகவில்லை. இன்று பிள்ளைக்குச் சோறூட்டுகிறாள். காலத்தை இப்படித் தாண்ட நெஞ்சுரம் வேண்டும்." ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல்கள் குவியும். குழுவில் வேறு யாரும் அந்த நூல்களைத் தொட்டதில்லை என்பதால் மறுப்புக்கும் வழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனில் வட்டத்தின் கூட்டம். தலைவர் பிச்சைமுத்து பதவி விலகுகிறார். குணாளன் ஒரு நாவலைப் பற்றிப் பேசுவார். பிறகு புதிய தலைவர் தேர்வு. அந்த நாற்காலிக்காக அவர் புதிதாக பாத்திக் சட்டை தைத்திருந்தார். நாவலை எழுதி, தன் குரலிலேயே ஒலிநூலாகவும் வாசித்திருந்த ஜெகதீஸ்வரி டீச்சர் முன்வரிசையில் இருந்தார். பின்வரிசையில் சந்திரிகா.

குணாளன் கண்ணை மூடிக்கொண்டு நாவலின் முடிவுக்கு வந்தார்.

"கதாநாயகி சொர்ணம் பையத் தூக்கிக்கிட்டு படகுத்துறை ஜெட்டியில நிக்கிறா. ஃபெரி வருது. அவ்வளவுதான், கதை முடிஞ்சது. ஏறுனாளா, திரும்பிட்டாளா? டீச்சர் சொல்லல. சொல்லாம விட்டாங்க பாருங்க, அதான் இலக்கியம்."

கைதட்டல் தொடங்கும்போது லோகேஸ்வரி எழுந்தாள். வட்டத்தில் புத்தகத்தைக் காகிதத்தில் படிக்கிற ஒரே ஆள். தலைவர் பதவிக்கு இன்னொரு வேட்பாளரும் அவள்தான்.

"அண்ணே, அதுக்கப்புறம் இன்னொரு அத்தியாயம் இருக்குலா. ஏறுறா, அக்கரையில பட்டர்வொர்த் போறா, கல்யாணம் பண்ணிக்கிட்டு மீ கடை போட்டு நூடுல்ஸ் விக்கிறா."

"எந்த மீ கடைம்மா?"

"மாமியார் கூடச் சண்டை வருமே, அந்தக் கடை."

கூட்டம் ஜெகதீஸ்வரியைப் பார்த்தது. குணாளனின் நாற்காலி அந்தரத்தில் தொங்கியது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீ கடைக்காக யாரும் இதுவரை அவரைப் பாராட்டியதில்லை.

"அது பதிப்பாளர் கேட்டாருன்னு சேர்த்தது," என்றார். "என் மனசுல கதை முடிஞ்ச இடம் ஜெட்டிதான். அதைக் கண்டுபிடிச்ச முதல் வாசகர் இவருதான்."

பிச்சைமுத்து எழுந்தே நின்று கைதட்டினார். கைகளைத் தூக்கச் சொன்னபோது லோகேஸ்வரிக்கு அவளுடைய கை மட்டும் உயர்ந்தது. குணாளன் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்து, ஏற்புரையில் தன்னடக்கத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

திரும்பும்போது மாலையைக் கழற்றாமலே காரோட்டினார். பாலத்தில் வழக்கம்போல நெரிசல்.

"ஏங்க," என்றாள் சந்திரிகா. "அந்த மீ கடைச் சண்டைய நான் முந்தாநாளு பசார் போறப்பக் கேட்டேன். நல்லா இருந்துச்சு."

"எங்க கேட்ட?"

"இந்தக் காடியிலதான். இளவரசி கல்யாணம், பிரசவம்லாம் டியூஷன் வாசல்ல காத்துக்கிட்டிருந்தப்ப. நீங்க கேட்டு முடிச்சதத்தான் ஓட விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

குணாளன் முன்னால் நின்ற லாரியிலிருந்து கண்ணை எடுத்து அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்தக் கொலைகாரன் யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. டாக்டருதான். யாரக் கொன்னான்னுதான் எனக்குத் தெரியாது."

அவர் மாலையைக் கழற்றிப் பின்சீட்டில் வைத்தார். கைப்பேசியில் வாழ்த்துகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. லாரி நகர்ந்தது. வாசகர் வட்டத்தின் புதிய தலைவர் அதுவரை ஒரு நூலையும் முழுதாகக் கேட்டதில்லை.