பாம்பு ரயிலில் கை தூக்கியவர்

"பாம்பு ரயில்ல ஏறாம எவனும் இந்த வீட்டுக்கு மருமகனா வர முடியாது! சொன்னா சொன்னதுதான்!"

"அப்ப எனக்குக் கல்யாணமே வேணாம், விடுங்கப்பா!"

"பக்கத்து வீட்டுல கேக்கப் போவுது, மெதுவாப் பேசுங்களேன்" என்றது அந்த வீட்டம்மா விஜயராணியின் குரல்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சுவர் வழியாகப் பாதிதான் விழுந்தது என்பதால், கறிவேப்பிலை வாங்குகிற சாக்கில் உள்ளேயே போய்விட்டேன். எங்கள் வாசலிலேயே ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது என்பது வேறு விஷயம்.

புத்தூரில் பெயின்ட் கடை ரெங்கராஜ் என்றால் யாருக்கும் தெரியாது. 'பாம்பு ரயில் ரெங்கராஜ்' என்றால் வழி காட்டுவார்கள். ஜீயபுரம் தாண்டி ஒரு பார்க் இருக்கிறது. அங்கே மேலே ஏறி, வளைந்து நெளிந்து தலைகுப்புறப் பாய்கிற ரோலர் கோஸ்டருக்கு ஜனங்கள் வைத்த பெயர்தான் பாம்பு ரயில். அது வந்த புதிதில், கல்யாணமான கையோடு, முன்பெட்டியில் உட்கார்ந்து இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கியபடி போய் வந்தவராம் ரெங்கராஜ். அந்தக் கதையைக் கேட்காமல் அவர் கடையில் ஒரு டப்பா பெயின்ட் வாங்க முடியாது.

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகள் பிரேமலதாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் அதையே பரீட்சையாக்கிவிட்டார். முதலில் வந்தவன் துறையூர் சித்தார்த்தன். பிரேமலதாவுக்கு அவனைப் பிடித்துப்போய், இரண்டு மாதம் மாடியில் நின்று போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வரவழைத்துத் தலைவாழை இலை போட்டார்கள். மட்டன், கோழி, மீன் வறுவல். "வேணாம்னு சொன்னீங்கன்னா கோவிச்சுக்குவேன் மாப்ள" என்று ரெங்கராஜே கரண்டியோடு நின்று மூன்று தடவை பரிமாறினார். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் பார்க்குக்கு அழைத்துப் போனார். ரயிலை விட்டு இறங்கிய சித்தார்த்தன், சாப்பிட்டதை எல்லாம் மாமனாரின் வெள்ளை வேட்டியிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"ஒரு ரயிலையே தாங்காதவன் எம்பொண்ண எப்படித் தாங்குவான்?" சம்பந்தம் அத்தோடு முடிந்தது. தெரு அவனுக்கு 'வாந்தி மாப்பிள்ளை' என்று பேர் வைத்துச் சிரித்தது. பிரேமலதா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த இடமெல்லாம் பரீட்சை என்றதும் பின்வாங்கியது. அவளுக்கு முப்பதும் தாண்டிவிட்டது. இப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து இளவரசன் வந்திருக்கிறான்.

"ஏறட்டும்" என்றாள் பிரேமலதா கடைசியில். "ஆனா பக்கத்துல நானும் ஏறுவேன்."

பார்க்குக்குப் போன காரில் எனக்கும் ஒரு இடம் இருந்தது. இல்லாவிட்டாலும் இருந்திருக்கும். இளவரசன் காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து நேராக பைக்கில் வந்து சேர்ந்தான். இருவரும் முன்பெட்டியில் ஏறினார்கள். நாங்கள் கீழே நின்றோம். ரெங்கராஜ் முன்ஜாக்கிரதையாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

ரயில் கடகடவென்று ஏறியது, இறங்கியது, இரண்டு வளைவு வளைந்தது, வந்து நின்றது. பின்பெட்டியில் ஒரு பெண் போன் பேசிக்கொண்டே போய், பேசிக்கொண்டே திரும்பினாள்.

"இவ்வளவுதானா?" என்று சிரித்தான் இளவரசன். "ஒண்ணாம் நம்பர் பஸ் காவேரிப் பாலத்துல போறப்போ இதவிட வயித்தக் கலக்கும் மாமா!"

பிரேமலதா அவனிடம் மெதுவாகக் கேட்டாள்: "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"எங்கங்க? கோயில்ல ஒரே கூட்டம். ஒரு காபிதான்."

அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பாவிடம் போய் நின்றாள். "அன்னைக்கு அவருக்கு மூணு தடவ சோறு போட்டது நீங்கதானப்பா?"

ரெங்கராஜ் காதில் வாங்காதவர் போல ரயிலைப் பார்த்தார். "வேகத்தக் கொறச்சுட்டானுங்க. அப்பல்லாம் இது ரயிலா? எமன்! நான் கையத் தூக்கினப்போ..."

"மேலேருந்து தானா உருளுறதுதான மாமா? அத எப்படிக் கொறைப்பாங்க?"

"வேகமெல்லாம் அப்பவும் இதேதான்" என்றாள் விஜயராணி. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "நான்தான பக்கத்துல இருந்தேன். கையெல்லாம் யாரும் தூக்கல. ஏறுன நேரத்துலேருந்து எறங்குற வரைக்கும் இவரு தல எம்மடியிலதான் கெடந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிரேமலதாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா."

"ஆம்பளைக்கு இருக்குற ஒரு பேரு... அதப் போயி..."

"அப்ப எனக்கு?"

விஜயராணி பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள்.

ரெங்கராஜ்தான் சமாளித்தார். இளவரசன் முதுகில் தட்டி, "மாப்ள பாஸ்! வாங்க, வீட்டுல இலை போட்டிருக்கும்" என்றார்.

"இவரு மேல ஒரு குறையும் இல்ல" என்றாள் பிரேமலதா. "ஆனா இந்த ரயில் பாத்துக் குடுக்குற மாப்பிள்ள எனக்கு வேணாம்ப்பா." இளவரசனிடம், "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளவரசனுக்கு அந்த ஆவணியிலேயே லால்குடிப் பெண்ணோடு கல்யாணம் ஆனது. ஒரு காபியோடு பெண் பார்த்து முடித்தார்களாம். சித்தார்த்தனுக்குத் துறையூரிலேயே பெண் அமைந்து இரண்டு குழந்தைகள். மாமனார் வீட்டுக்குப் போனால் சாப்பாடு போட்டு, ஃபேன் போட்டு, தூங்கச் சொல்கிறார்களாம். பிரேமலதா ஓசூரில் வேலை தேடிக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். அம்மா போன் செய்தால் எப்போதாவது எடுக்கிறாள்.

மடிக் கதை எப்படியோ தெருவுக்குத் தெரிந்துபோய், அந்தச் சிரிப்பைத் தாங்காமல் ரெங்கராஜ் கடையைக் கைமாற்றிவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டுக்குக் குடிபோனார். போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எதிர் வீட்டுக்காரரிடம் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். விஜயராணி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.