நூற்று நாற்பத்து மூன்றாவது அடிக்குறிப்பு

அடிக்குறிப்பு என்றாலே எனக்கு ஆகாது. இன்று நேற்றல்ல, முப்பது வருடமாக ஆகாது. சொல்ல வேண்டியது இருந்தால் மேலே வந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதானே? பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பதுங்கிக்கொண்டு முணுமுணுப்பது என்ன பழக்கம்? எங்கள் பதிப்பகத்தில் அரசியல், சட்டம், வரலாறு மூன்றையும் சாதாரண வாசகருக்குச் சொல்லும் வரிசை ஒன்று உண்டு. அதற்கு ஒரே விதி, அடிக்குறிப்பு கிடையாது. விதியைப் போட்டவர் என் அண்ணன், பதிப்பகத்தின் முதலாளி. நிறைவேற்றுகிறவள் நான். எழுத்தாளர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கத்தரி. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த டீச்சர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தாள். நான் துறைமுகப் புத்தகத்தின் மறுஅச்சு வேலையில் இருந்தேன். ஐம்பது வருடத்துக்கு முன்னால் துறைமுகத் தொழிலாளர்கள்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டையும், அதை விசாரித்த கமிஷனையும் பற்றி ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் எழுதியது. நான்கே மாதத்தில் மூவாயிரம் பிரதியும் தீர்ந்துபோய், வெள்ளிக்கிழமை மறுபடி அச்சுக்குப் போக இருந்தது. நாற்காலியைக் காட்டினேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தப் புஸ்தகத்தை எடிட் பண்ணது யாரு?"

"நான்தான். உட்காருங்க."

"உட்கார வரலை. இருநூத்திப் பதினொண்ணாம் பக்கம், கடைசிப் பாரா. கேளுங்க."

கேட்கிறேன் என்று நான் சொல்வதற்குள் படிக்க ஆரம்பித்துவிட்டாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். 'நீதிபதியின் எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்த இளம் சுருக்கெழுத்தர், இறந்தவரின் மனைவி சொன்ன சாட்சியத்தில் இரண்டு வரிகளை விழுங்கினார். சுடச் சொன்னவர் யார் என்பது அந்த இரண்டு வரிகளில்தான் இருந்தது.'

"விழுங்கினதாச் சொல்றீங்களே, அது எங்கப்பா. உயிரோட இருக்கார்."

நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"போன வாரம் எங்க ஸ்கூல்ல வாசிப்புப் போட்டி. ஒன்பதாவது படிக்கிற பொண்ணு மேடையேறி இந்தப் பக்கத்தைப் படிச்சா. நல்லாவே படிச்சா. முன் வரிசையில எங்கப்பா உட்கார்ந்திருந்தார். பரிசு குடுக்க அவரைத்தான் கூப்பிட்டிருந்தோம்."

கைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்து என் மேஜைமேல் போட்டாள். கமிஷனின் இரண்டாவது அறிக்கையில் ஒரு பக்கம். சுருக்கெழுத்தரின் நோட்டில் அந்த இரண்டு வரிகளும் அப்படியே இருந்தன, தட்டச்சுப் பிரதியில்தான் வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள், அவர் குற்றமற்றவர் என்று நீதிபதி கையெழுத்துப் போட்டிருந்தார்.

"மறுஅச்சுல இதைத் திருத்தணும். தப்பு யாரால, எப்படி நடந்ததுன்னு முதல் பக்கத்துல போடணும். எங்கப்பா அதைப் படிக்கணும்."

"எழுத்தாளர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். முப்பது வருடமாக நான் ஆட்களைக் கிளப்பிவிடும் வாசகம் அது. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மத்தியானமே வக்கீலை வரவழைத்தேன். வந்தவுடன் பிடித்துக்கொண்டேன். "ரெண்டாவது அறிக்கையைப் படிக்காமலா ஐயா புஸ்தகம் எழுதினீங்க?"

அவர் நகலைப் பார்த்தார். பிறகு புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டி, அடியில் விரலை வைத்துத் தேடினார். அடுத்த பக்கத்திலும் தேடினார்.

"இங்க ஒரு அடிக்குறிப்பு போட்டிருந்தேனேம்மா. நூத்தி நாப்பத்து மூணு. அவர் குத்தமில்லாதவர்னு நாலு வரி. அது எங்க?"

அது எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் இன்னும் சத்தமாகப் பேசினேன். "மெய்ப்பு அனுப்பினேனே, கையெழுத்துப் போட்டுத்தானே திருப்பி அனுப்பினீங்க? அப்ப தேடலையா?"

"நீங்க பார்த்திருப்பீங்கன்னு நம்பினேன்."

"ஒரு மனுஷனோட மானத்தை மேல வாங்கிட்டு, கீழ பொடி எழுத்துல திருப்பிக் குடுப்பீங்களா?"

"மேலயே சொல்லிட்டா விறுவிறுப்பு போயிடும்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க?"

சொல்லியிருக்கிறேன். அவரிடம் மட்டுமல்ல, எல்லோரிடமும். ஆனாலும் அன்று அவரை வாய்க்கு வந்தபடி பேசித்தான் அனுப்பினேன்.

சேமிப்பறையில் அவருடைய தட்டச்சுப் பிரதி ஒரு பெட்டியில் இருந்தது. தரையில் உட்கார்ந்து தேடி எடுத்தேன். பக்கத்தின் அடியில் நான்கு வரி. நான்கையும் குறுக்கே வெட்டி ஓடுகிற ஒரு சிவப்புப் பென்சில் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோடு. அந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்பு, ஒன்றரை மணி நேரம். ஒன்றையும் நான் படிக்கவில்லை.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். டீச்சர் வந்து போனதைக் கேள்விப்பட்டு அவர் ஏற்கெனவே சட்ட ஆலோசகரிடம் பேசி முடித்திருந்தார்.

"எழுத்துல மட்டும் எதையும் குடுத்துடாதே. மறுஅச்சுல அந்த ரெண்டு வாக்கியத்தைச் சத்தமில்லாம தூக்கிடலாம். ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க."

"வித்துப்போன மூவாயிரம்?"

"வித்தது வித்ததுதான். வக்கீல் சரியான ஆதாரம் தரலைன்னு ஒரு கடிதம் தயார் பண்ணியிருக்கேன், நீ கையெழுத்துப் போடு. அந்தப் பழைய தட்டச்சுக் கட்டையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடு."

"விதியைப் போட்டது நீண்ணா."

"அடின்னு சொன்னேன். படிக்காம அடின்னா சொன்னேன்?"

சுருக்கென்றது. அண்ணன் சொல்வது சரியாக இருக்கும் நாட்களில்தான் அவரை எனக்கு அறவே பிடிக்காது. கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் சிவப்புக் கோடு போட்ட அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். நல்ல மனதோடு போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரியவரிடம் நேரில் நாலு வார்த்தை இதமாகப் பேசி, எழுதியவருக்கு உங்கள்மேல் விரோதமில்லை, பாருங்கள், உங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார் என்று தாளைக் காட்டினால், முதல் பக்கம் கேட்பதை விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த டீச்சர் வாங்க என்று சொல்லவில்லை, வழியை மட்டும் விட்டாள். பெரியவர் ஜன்னலோரம் மேஜைமுன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கி, நான்கு வரியையும் இரண்டு தடவை படித்தார்.

"இந்தச் சிவப்புக் கோடு யார் போட்டது?"

"நான்தான் சார்."

"படிச்சுட்டுப் போட்டீங்களா, படிக்காமப் போட்டீங்களா?"

கேட்டுவிட்டு மேஜை டிராயரைத் திறந்து ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். நான் பேச ஆரம்பித்தேன். பென்சில் ஓட ஆரம்பித்தது. வளைவும் கோடும் புள்ளியுமாக எனக்குப் புரியாத எழுத்து. வயதான கை, ஆனால் எங்கும் நிற்கவில்லை. பதற்றத்தில் நான் பேச்சை நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். கடைசியில் பொறுக்க முடியாமல் என்ன எழுதறீங்க என்றேன். அதையும் எழுதினார்.

"படிச்சுக் காட்டறேன். நீங்க சொல்லாதது எதாவது இருந்தா நிறுத்துங்க."

ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் படித்தார்.

"'படிக்கலை சார். இருநூத்திப் பன்னிரண்டு இருந்தது, எல்லாத்தையும் உட்கார்ந்து படிக்க முடியுமா? அதுல ஒண்ணுல ஒரு மனுஷன் இருப்பார்னு யாருக்குத் தெரியும்? எங்கண்ணன் போட்ட விதி அது. உங்களுக்கும் வயசாயிடுச்சு, இதை இத்தோட விட்டுடலாமே சார். என்ன எழுதறீங்க?'"

கூசிப்போனேன். இவ்வளவு கேவலமாகவா பேசினேன்? ஆனால் ஒவ்வொரு சொல்லும் என் சொல்தான்.

"அந்த வயசாயிடுச்சுங்கிற வரி வேண்டாம் சார். ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதை மட்டும் எடுத்துடுங்க."

"சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"அப்ப இருக்கும்." நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அன்னிக்கும் அந்தம்மா சாட்சி சொல்லி முடிச்ச உடனே கமிஷன் செயலாளர் என்னைத் தனியாக் கூப்பிட்டு ரெண்டே வரிதானேப்பா, எடுத்துடுன்னார். மாட்டேன்னேன். பதினோரு மாசம் வேலையில்லாம வீட்டுல உட்கார வெச்சாங்க. உங்களுக்காக எடுப்பேனா?"

அவர் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல டீச்சர் என் பேச்சைச் சாதாரண எழுத்தில் ஒரு தாளில் எழுதி என் முன்னால் வைத்தாள். "முதல் பக்கத்துல இதுதான் வரணும். முழுசா. உங்க பேரோட."

எழுத்துல மட்டும் எதையும் குடுத்துடாதே என்ற அண்ணனின் குரல் காதிலேயே இருந்தது. பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கண் என் கையில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். நன்றி என்றோ, பரவாயில்லை என்றோ யாரும் சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணீர் கேட்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

படியிறங்கும்போது அண்ணன் போன் செய்தார். "என்ன, சமாதானம் ஆயிட்டாரா? எதுவும் எழுதிக் குடுக்கலையே?"

"குடுத்துட்டேன்."

"என்னத்தைக் குடுத்தே?"

"நான் பேசினதை."

அவர் கத்த ஆரம்பித்தார். அப்பா ஆரம்பித்த கம்பெனி, திங்கட்கிழமையிலிருந்து வராதே, இனி நீ தங்கச்சியே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே அச்சகத்துக்கு நடந்தேன். எங்கள் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கம்வரை சரிபார்த்து அனுப்புவது நான்தான் என்பதால் அங்கே யாரும் என்னைக் கேள்வி கேட்பதில்லை.

இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் நீதிபதியின் தீர்ப்பைப் பாராவுக்குள்ளேயே சேர்த்தேன். பிறகு முதல் பக்கம். கம்போசிங் செய்கிற பெண் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல அடித்தாள். 'உங்களுக்கும் வயசாயிடுச்சு' என்ற இடத்தில் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இதுவும் வரணுமாக்கா? நீங்களா இப்படிப் பேசினீங்க?"

"நான்தான். வரட்டும்" என்றேன்.